எதிர்வீட்டு வெளிச்சம்

"வருதா?" என்று அடித்தளத்திலிருந்து கத்தினான் டார்வின் கோப்கே.

"வரல!" என்று வாசல் கதவருகிலிருந்து பதிலுக்குக் கத்தினாள் அவன் மனைவி ஜோலீன்.

"இப்ப?"

"இப்பவும் வரல. நம்ம வீடு கும்மிருட்டா இருக்கு. ஆனா டார்வின், கொஞ்சம் மேல வாயேன்! எதிர்ல வேட் வீட்டைப் பாரு, கூரை முழுக்கச் சிவப்பும் பச்சையுமா என்னமா ஓடுது!"

டார்வின் மடிக்கணினியை மூடாமல், முழங்கால் வலியை மதிக்காமல், தடதடவென்று படியேறி வந்தான். அவன் வந்து சேர்வதற்குள் எதிர்வீடு அமைதியாகிவிட்டது. கூரை விளிம்பில் வெறும் வெள்ளை விளக்குகள் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி எரிந்துகொண்டிருந்தன.

"எங்க ஓடுது?"

"இப்பத்தான் நின்னுச்சு. நீ ஆடி அசைஞ்சு வர்ற வரைக்கும் அது காத்துக்கிட்டு இருக்குமா?"

"நான் கேட்டது நம்ம விளக்கு வருதான்னு. அவன் வீட்டைப் பத்தி யாராவது கேட்டாங்களா?"

"எனக்குக் கண்ணு இருக்கு, அது பாக்குது. அதுக்கு நான் என்ன பண்றது?"

அந்தக் கண்ணைப் பற்றித்தான் டார்வினுக்குக் கவலை. இருபத்திரண்டு வருஷத் தாம்பத்தியத்தில் ஜோலீன் அவனைப் பார்த்து வாயைப் பிளந்தது இரண்டே தடவை. ஒன்று, அவன் முதன்முதலாகத் தாடியை எடுத்தபோது. மற்றொன்று, உறைந்த ஏரியில் தன் லாரியைக் கொண்டுபோய் நிறுத்தி, அதைப் பாதி முழுகவிட்டபோது. எதிர்வீட்டு வேட் ரெட்லினின் விளக்குகளைப் பார்த்தோ, வருஷம் தவறாமல் வாயைப் பிளக்கிறாள்.

விஸ்கான்சினில் அவர்கள் தெருவில் கிறிஸ்துமஸ் விளக்கு கட்டாத வீடு கிடையாது. பெரும்பாலானவர்கள் ஒரு சரத்தைக் கூரையில் மாட்டி, வயரைச் சுவரில் செருகிவிட்டு உள்ளே போய்ச் சூடாக ஏதாவது குடிப்பார்கள். டார்வினும் வேட்டும் அந்த ரகமில்லை. கம்ப்யூட்டரில் பாட்டுப் போட்டு, பாட்டுக்குத் தகுந்தபடி ஆயிரக்கணக்கான விளக்குகளை ஆட வைக்கிற கிறுக்கு ரகம். அதற்கென்று ஒரு கிளப், அந்தக் கிளப்புக்கென்று ஒரு கையேடு, வருஷத்துக்கு ஒரு போட்டி எல்லாம் உண்டு. போட்டியில் ஜெயித்தால் பரிசு ஒரு ஷவல். பனி வாருகிற சாதாரண ஷவல்தான். தங்க வண்ணம் அடித்து, கைப்பிடியில் ஜெயித்தவர் பெயரை எழுதிக் கொடுப்பார்கள். அதை வருஷம் முழுக்கக் கராஜ் கதவில் மாட்டிக்கொள்ளலாம்.

மூன்று வருஷமாக அது வேட் வீட்டுக் கராஜில் தொங்குகிறது. டார்வின் வீட்டுச் சமையலறைத் தொட்டியில் நின்று பாத்திரம் கழுவினால் நேர் எதிரே அதுதான் பளபளக்கும். அதனால் டார்வின் பாத்திரம் கழுவுவதையே நிறுத்திவிட்டான். கேட்டால் முதுகுவலி என்பான்.

வேட் கெட்டவனாக இருந்திருந்தால் டார்வினுக்கு வாழ்க்கை சுலபமாக இருந்திருக்கும். ஆனால் அவன் கேட்காமலே உதவி செய்கிறவன். அப்படிப்பட்டவர்களை மன்னிப்பதுதான் கஷ்டம். ஜூலை மாதப் புயலில் டார்வின் வீட்டு இணைய வயர் மரம் விழுந்து அறுந்தபோது, வேட் அன்று மாலையே ஏணியோடு வந்துவிட்டான். இரண்டு வீட்டுக் கூரை ஓரத்திலும் ஆளுக்கொரு சின்ன வெள்ளைப் பெட்டி மாட்டி, காற்றுவழியாகத் தன் வீட்டு இணையத்தை அவர்களுக்கும் கொடுத்தான். "அறுந்தது சரியானாலும் இருந்துட்டுப் போகட்டும்பா. நாளைக்கு என் வீட்டுல போச்சுன்னா நீ குடு" என்றான். அந்த நியாயத்தைக் கேட்டு ஜோலீன் உருகினாள். டார்வின் நன்றி சொன்னான். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதால் சரியாக விழவில்லை.

இந்த வருஷம் கடவுள் கண் திறந்தார். நவம்பர் நடுவில், எல்லா விளக்கையும் கட்டி முடித்துவிட்டு ஏணியிலிருந்து இறங்கும்போது வேட் வழுக்கி விழுந்தான். வலது தோளில் அறுவை சிகிச்சை, கழுத்திலிருந்து தொங்கும் தூளியில் கை. செய்தி கேட்டதும் டார்வின் "அடடா" என்றான். உள்ளே வயிற்றில் ஓர் அடுப்பு அணைந்த மாதிரி குளுகுளுவென்று இருந்தது. அப்படி இருந்ததற்காகக் கொஞ்சம் வெட்கமும்பட்டான். கொஞ்சம்தான்.

ஒரு கை முடங்கியவன் கம்ப்யூட்டரில் என்ன ஆட்டம் அமைக்க முடியும்? வெறும் வெள்ளை விளக்கைப் போட்டுவிட்டுச் சும்மா இருப்பான். ஷவல் இந்த வருஷம் தெருவைக் கடக்கும் என்று டார்வின் கணக்குப் போட்டான்.

கணக்கில் இடித்தது ரவுட்டர்தான்.

வீட்டு ரவுட்டருக்கு வீட்டுக்குள் இருக்கிறவர்களை மட்டும்தான் தெரியும். டிவி தெரியும், ஜோலீனின் போன் தெரியும். விளக்குகளோ வேறு தெரு. அவை கராஜில் இருக்கும் ஒரு சின்னப் பெட்டிக்குப் பின்னால், தங்களுக்கென்று தனி எண்களோடு குடியிருக்கின்றன. "அந்தத் தெருவுக்குப் போகிற சாமானையெல்லாம் இந்த எண் உள்ள பெட்டியிடம் கொடு, அது கொண்டுபோய்ச் சேர்க்கும்" என்று ரவுட்டருக்கு நாம்தான் ஒரு வழி எழுதித் தர வேண்டும். அதற்குப் பெயர் ஸ்டாட்டிக் ரூட். மூன்றே கட்டம். எங்கே போக வேண்டும், எவ்வளவு பெரிய தெரு, யார் கையில் கொடுக்க வேண்டும். கிளப் கையேட்டில் மூன்றுக்கும் எண் போட்டிருந்தது. பெட்டியின் எண் ஐம்பதில் முடியும் என்றிருந்தது. டார்வின் அதை அப்படியே தட்டினான்.

விளக்கு வரவில்லை.

"தெருவோட அளவைச் சின்னதாப் போட்டுட்டேன் போலிருக்கு" என்றான் மறுநாள். "பெருசாப் போடுறேன்."

"எவ்வளவு பெருசா?"

"உலகம் முழுக்க வர்ற மாதிரி."

தட்டினான். உலகம் முழுக்கப் போக வேண்டியதெல்லாம் ஐம்பதாம் எண் பெட்டிக்குப் போக ஆரம்பித்தது. மாடி அறையில் ஜோலீன் இன்சூரன்ஸ் கம்பெனி வேலையில் இருந்தாள். பனியில் கார் சறுக்கி மாட்டுக் கொட்டகைக்குள் புகுந்த கதையை இணைய அழைப்பில் சொல்லிக்கொண்டிருந்த ஒருவர், சரியாக மாடு வருகிற இடத்தில் பாதியில் அறுந்தார்.

"டார்வின்!"

"ஒரு நிமிஷம்!"

"அந்த ஆளு அழுதுக்கிட்டிருந்தாரு, டார்வின்! மாடு உயிரோட இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியணும்!"

பதற்றத்தில் டார்வின் ரவுட்டரின் முதுகில் இருந்த சின்ன ஓட்டைக்குள் பேப்பர் கிளிப்பை விட்டு அமுக்கினான். ரவுட்டர் பிறந்த குழந்தையாகிவிட்டது. வீட்டில் ஒருவரையும் அதற்கு அடையாளம் தெரியவில்லை. டிவி, அழைப்பு மணி, ஹீட்டர், துணி துவைக்கிற மெஷின் என்று ஒவ்வொன்றையும் கூட்டிப்போய் மறுபடி அறிமுகம் செய்து வைக்க வேண்டியிருந்தது. டிவி கடைசியாகத்தான் சமாதானமானது. அதற்குள் ஃபுட்பால் ஆட்டம் முடிந்து, ஜெயித்தவர்கள் குளித்துவிட்டே போயிருந்தார்கள்.

பழையபடி கையேட்டில் இருந்த எண்களையே போட்டான். இந்த முறை திரையை ஊன்றிப் பார்த்தான். அனுப்பியது அத்தனையும் போய்ச் சேர்ந்ததாகப் பச்சை விளக்கு காட்டியது.

"புரிஞ்சுடுச்சு!" என்று துள்ளினான். "வழி சரியாத்தான் இருக்கு. தப்பு வயர்ல. நான் விளக்கை மாத்தி மாட்டியிருக்கேன்."

"நீ எல்லாத்தையும் ஒழுங்காத்தானே மாட்டின? நான்தானே ஏணியைப் பிடிச்சேன்?"

"பச்சை காட்டுது, ஜோலீன். மெஷின் பொய் சொல்லாது."

எலும்பை நடுக்கும் குளிரில் கூரை மேல் ஏறி, இடதில் இருந்ததை வலதிலும் மேலே இருந்ததைக் கீழேயும் மாற்றி மாட்டினான். சரியாக இருந்த வயரையெல்லாம் ஒன்றுவிடாமல் பிடுங்கி வேறு இடத்தில் செருகினான். மூக்கு நுனி மரத்துப் போனது. கீழே வந்து ஆட்டத்தைத் தட்டிவிட்டான். வீடு இருட்டாகவே இருந்தது. "குளிர்ல பெட்டி சூடாக நேரமாகும்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆட்டம் தானாகவே தொடங்கி, இடைவிடாமல் ஓடுகிற மாதிரி நேரம் குறித்து வைத்தான். என்றைக்காவது ஒருநாள் பிடித்துக்கொள்ளாதா?

அன்று சாயங்காலம் பிடித்துக்கொண்டது எதிர்வீடுதான்.

வேட் வீட்டுக் கூரை பாட்டுக்கு ஆடியது. ஜன்னல்கள் கைதட்டின. தோட்டத்து வளைவுகளில் வெளிச்சம் ஓடி விளையாடியது. ஜோலீன் கோட்டுகூடப் போடாமல் வாசலில் நின்றாள்.

"டார்வின், அந்தக் கலைமானைப் பாரேன்! கூரையில ஓடி வருது, தாவப் போகுதுன்னு நினைச்சா தாவ மாட்டேங்குது. நின்னு, ஒரு தடவை நம்மளைத் திரும்பிப் பாக்குது. அப்புறம்தான் தாவுது! ஐயோ, என்ன குறும்பு!"

அவள் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத் தன் பக்கம் திருப்பத்தான் டார்வின் ஒரு மாதமாக மதியச் சாப்பாட்டு இடைவேளையில் சாண்ட்விச்சைக்கூடப் பிரிக்காமல் உட்கார்ந்து ஆட்டம் அமைத்தான். பாட்டு கிளப் எல்லாருக்கும் கொடுத்த பாட்டு. மான் கிளப் கொடுத்த மான். ஆனால் நின்று திரும்பிப் பார்க்கிற மான் உலகத்திலேயே டார்வினுடையது மட்டும்தான்.

அவன் முகம் வெளுத்தது.

"அது என் மான்."

"எல்லா மானும் ஒரே மாதிரிதான்பா இருக்கும்."

"திரும்பிப் பாக்கறது என் யோசனை! என் மண்டையில உதிச்சது! வேட்டுக்கு எப்படித் தெரிஞ்சுது?" அவன் மெதுவாக ஜோலீன் பக்கம் திரும்பினான். "செவ்வாய்க்கிழமை நீ அவங்க வீட்டுக்குப் போனியே?"

"அறுவை சிகிச்சை ஆன ஆளு. கேசரோல் கொண்டுபோய்க் கொடுத்தேன்."

"கேசரோல் மட்டும்தானா?"

ஜோலீன் இடுப்பில் கை வைத்தாள். "டார்வின் கோப்கே, நான் கொண்டு போனது உருளைக்கிழங்கு கேசரோல். அதுல சீஸ் இருந்துச்சு, வெங்காயம் இருந்துச்சு. உன் மான் இல்ல."

"உள்ள உக்கார்ந்து எவ்வளவு நேரம் பேசின?"

"இங்க இருட்டுல உக்கார்ந்து உன் பச்சை விளக்கைப் பாக்கறதைவிட அதிக நேரம்."

இது சரியான இடத்தில் போய்க் குத்தியது. டார்வின் அன்றிரவே ரவுட்டரின் பாஸ்வேர்டை மாற்றினான். மடிக்கணினியின் மேல் குளியல் துண்டைப் போட்டு மூடினான். ஜோலீனிடம் புது பாஸ்வேர்டைச் சொல்ல மறந்தான். மறுநாள் காலை மாட்டுக் கொட்டகைக்காரர் இரண்டாம் முறையாக அறுந்தார். அதற்குப் பிறகு ஜோலீன் அவனிடம் பேசியதெல்லாம் உப்பு, மிளகு, தள்ளு, நகரு அளவில்தான்.

வெள்ளை விளக்குக்கு இனி வேலையில்லை என்று வேட் அதை அணைத்துவிட்டான். எதிர்வீடு அது பாட்டுக்கு ஆடியது. டார்வின் ஆத்திரத்தில் தன் ஆட்டத்தை இன்னும் மெருகேற்றினான். நட்சத்திரம் உதிர்கிற மாதிரி ஒரு துண்டு சேர்த்தான். சாயங்காலம் வேட் வீட்டுக் கூரையிலிருந்து நட்சத்திரம் உதிர்ந்தது. பனிமனிதன் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்கிற மாதிரி வைத்தான். வேட் வீட்டுப் பனிமனிதன் தொப்பியைத் தூக்கினான். டார்வினுக்குக் காதில் புகை வந்தது.

"ஒத்தைக் கையால!" என்று சமையலறையில் குமுறினான். "ஜோலீன், ஒத்தைக் கையால பண்றான்! எனக்கு ரெண்டு கை இருந்து என்ன பிரயோஜனம்?"

"அதைத்தான் நானும் யோசிச்சுக்கிட்டிருக்கேன்" என்றாள் ஜோலீன். அந்த வாரத்தில் அவள் பேசிய முதல் முழு வாக்கியம் அது.

போதாததற்கு வேட் தெருவைக் கடந்தே வந்துவிட்டான். தூளியில் ஒரு கை. இன்னொரு கையால் டார்வினின் தோளைப் பிடித்துக்கொண்டான். அவன் கண்ணெல்லாம் ஈரம்.

"நேத்து அந்தப் பனிமனிதன் தொப்பியைத் தூக்கினான் பாரு! குழந்தை மாதிரி கத்திட்டேன்பா. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல."

"சொல்லாதே" என்றான் டார்வின்.

"தெரியும், உனக்கு இதெல்லாம் பிடிக்காது. சரி, சொல்லல. ஆனா மனசுல வெச்சிருக்கேன், டார்வின்."

வேட் போனதும் டார்வின் கதவை அறைந்து சாத்தினான். தன் விளக்கைத் தானே புகழ்ந்துகொள்ள ஒருவன் பனியில் நடந்து வருவானா? அதுவும் பறிகொடுத்தவன் வாசலுக்கே? வயிற்றில் அணைந்த அடுப்பு மறுபடி பற்றிக்கொண்டு, இந்தத் தடவை தொண்டை வரை எரிந்தது.

ஊரே கார் போட்டுக்கொண்டு பார்க்க வந்தது. நின்று பார்க்க வசதியான இடம் டார்வின் வீட்டு வாசல். காரைத் திருப்ப வசதியான இடமும் அதுதான். போட்டிக் கமிட்டித் தலைவி ஆர்டித் புலாஸ்கிகூட ஒருநாள் அங்கேதான் நிறுத்தினாள். முப்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். பின்சீட்டில் சண்டை போடுகிற பிள்ளைகளை அடக்கிப் பழகிய குரல் அவளுடையது.

"டார்வின்! உன் வீடு இருட்டா இருக்கிறது எவ்வளவு நல்லதாப் போச்சு தெரியுமா? எதிர்வீடு அப்படியே தூக்கிக் காட்டுது!" கார்க் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் இறக்கினாள். "பெரிய மனசு வேணும்பா இதுக்கு."

"வணக்கம் ஆர்டித்" என்றான் டார்வின். வேறு எதைச் சொன்னாலும் அது கெட்ட வார்த்தையாகத்தான் வந்திருக்கும்.

சனிக்கிழமை போட்டி. ஆறு மணிக்கு, டிராக்டர் இழுக்கிற வைக்கோல் வண்டியில் கமிட்டி முழுவதும் போர்வை போர்த்தி உட்கார்ந்து, தெருத் தெருவாக வந்து தீர்ப்புச் சொல்லும். ஐந்தரை மணிக்கு டார்வின் தன் லாரியின் முன்பக்கத்தில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, இருட்டான தன் வீட்டையும் ஜொலிக்கிற எதிர்வீட்டையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றான். தோற்றாகிவிட்டது. இனி எதற்கு இந்த வீண் ஆட்டம்? வெறுத்துப்போய் நிறுத்து என்ற பொத்தானை அமுக்கினான்.

வேட் வீடு அணைந்தது.

தெருவில் நின்ற கார்களிலிருந்து "ஓ..." என்று ஒரு சத்தம். டார்வின் விரலைப் பார்த்தான். பொத்தானைப் பார்த்தான். தொடங்கு என்பதை அமுக்கினான். வேட் வீடு எரிந்தது. மான் ஓடி வந்தது. மறுபடி நிறுத்தினான். "ஓ..." மறுபடி தொடங்கினான். மான் நின்று, திரும்பி, நேராக டார்வினைப் பார்த்தது.

அவன் கராஜுக்கு ஓடினான். பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்த தன் பெட்டியை இழுத்து, அதன் குட்டித் திரையை முதன்முதலாகப் பார்த்தான். ஐம்பத்தொன்று. அவனுக்குப் புரிந்தது. ஜூலையில் மாட்டிய வெள்ளைப் பெட்டிகள் இரண்டு வீட்டையும் உள்ளுக்குள் ஒரே வீடாக்கி வைத்திருந்தன. ஐம்பதாம் எண்ணில் ஏற்கெனவே வேட்டின் பெட்டி உட்கார்ந்திருந்தது. அதனால் டார்வினுடைய பெட்டி சத்தமில்லாமல் அடுத்த எண்ணுக்கு நகர்ந்துகொண்டது. இவன் கையேட்டைப் பார்த்து எழுதிக் கொடுத்த வழி நேராக எதிர்வீட்டுக்குப் போயிருக்கிறது. அதே கையேட்டின்படி மாட்டிய அங்குள்ள விளக்குகளும் சொன்னபடி ஆடியிருக்கின்றன. இரண்டு வாரமாக அவன் அனுப்பிய ஒவ்வொரு நட்சத்திரமும் வேட் வீட்டில்தான் உதிர்ந்திருக்கிறது.

அவன் இரண்டு வாரமாக வயிறு எரிந்தது தன்னைப் பார்த்தே!

முதலில் பெருமையாகத்தான் இருந்தது. ஊரே வாயைப் பிளந்தது அவனுடைய மானைப் பார்த்து. ஜோலீன் கண்ணில் நீர் வரச் சிரித்ததும் அவனுடைய மானைப் பார்த்துத்தான். இந்தப் பெருமை மூன்று மூச்சு நேரம் தாங்கியது. நாலாவது மூச்சில் வேட்டின் முகம் நினைவுக்கு வந்தது. அத்தனை கைதட்டலையும் ஓசியில் வாங்கிக்கொண்டு, கூச்சமில்லாமல் வந்து தோளைப் பிடித்துவிட்டுப் போனவன்!

"ஜோலீன்! அது நான்! அத்தனையும் நான்தான்!"

ஓடி வந்த ஜோலீனிடம் மூச்சுவிடாமல் சொன்னான். பொத்தானை அமுக்கிக் காட்டினான். ஜோலீன் எதிர்வீட்டைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். வாய் மெதுவாகப் பிளந்தது.

"அந்த மான்... நீ பண்ணினதா?"

"நான்தான் அன்னைக்கே சொன்னேனே!"

"சொன்ன. சந்தேகத்தையும் சேர்த்துச் சொன்ன. அதனால காதுல ஏறல." அவள் அவன் குளிர்ந்த கன்னத்தில் கை வைத்தாள். "ரொம்ப அழகா இருக்கு, டார்வின். நிஜமா."

கதை இங்கேயே முடிந்திருந்தால் டார்வினுக்கு எவ்வளவோ நல்லது. அவன் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் எரிகிற வயிற்றுக்கு அது தெரியவில்லை.

"இப்ப பாரு, வழியை மாத்தறேன். ஐம்பதை எடுத்துட்டு ஐம்பத்தொன்று. ஒரே ஒரு எண்ணுதான்."

"மாத்தினா வேட் வீடு?"

"இருட்டாகும். ரெண்டு வாரம் நான் இருந்தேன்ல? அவன் ஒருநாள் இருக்கட்டும்."

"டார்வின், போய் அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு வந்து மாத்து. ரெண்டு நிமிஷம். தெருவைத் தாண்டினா அவன் வாசல்."

"அவன்கிட்ட பேச எனக்கு ஒண்ணுமில்ல."

"அவனுக்கு உன்கிட்ட இருக்கலாம்ல?"

தெருமுனையில் டிராக்டரின் சத்தமும் மணிச் சத்தமும் கேட்டன. டார்வின் குனிந்து தட்ட ஆரம்பித்தான். குளிரில் விரல் விறைத்து, ஐம்பத்தொன்று முதல் தடவை ஐந்நூற்றுப் பதினொன்று ஆகிவிட்டது. அழித்தான். மறுபடி தட்டினான். வைக்கோல் வண்டி வேட் வீட்டுக்கு நேராக வந்து நிற்கவும் அவன் சேமி என்பதை அமுக்கவும் சரியாக இருந்தது.

வேட் வீடு பட்டென்று அணைந்தது.

டார்வின் வீடு எரிந்தது.

எரிந்த அழகைத்தான் சொல்ல வேண்டும். பச்சை விளக்கை நம்பி அவன் கூரையில் ஏறி மாற்றி மாட்டிய ஒவ்வொரு வயரும் இப்போது தன் வேலையைக் காட்டியது. கலைமான் மல்லாக்கப் படுத்தபடி, பின்பக்கமாக ஓடிப் புகைபோக்கிக்குள் பிட்டத்தை நுழைத்தது. அங்கே நின்று, திரும்பிப் பார்க்க வேண்டிய இடத்தில் வாலை ஆட்டியது. பனிமனிதனின் தொப்பி மட்டும் கராஜ் கதவில் தனியாகத் துள்ளியது, தலை தோட்டத்தில் கிடந்தது. நட்சத்திரங்கள் தரையிலிருந்து கூரைக்கு உதிர்ந்தன.

தெருவில் ஒரு கார்க்காரர் தன் காரின் விளக்கைப் போட்டு நன்றாகப் பார்த்துவிட்டு, மரியாதையாக அணைத்தார். ஜோலீன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். எதிர்வீட்டு வாசலில் ஒரு கை தூளியோடு வேட் வெளியே வந்து, இருட்டான தன் கூரையை அண்ணாந்து பார்த்தபடி குழம்பி நின்றான்.

டார்வின் மார்பை நிமிர்த்தினான். மான் எப்படி இருந்தால் என்ன? எதிர்வீடு இருட்டு, இந்த வீடு வெளிச்சம். இருட்டுக்கு யாரும் ஷவல் கொடுக்க மாட்டார்கள்.

வைக்கோல் வண்டியில் போர்வையை உதறிக்கொண்டு ஆர்டித் எழுந்து நின்றாள். அவள் கையில் தங்க ஷவல். பள்ளிப் பேருந்துக் குரலில் தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்:

"வேட் முதல் நாளே வந்து, 'என் கை போச்சுன்னு டார்வின்தான் தன் வீட்டை இருட்டாப் போட்டுட்டு, அந்த வெள்ளைப் பெட்டி வழியா என் வீட்டை ஆட வைக்கிறான், பரிசை அவனுக்கே குடுங்க'ன்னு சொல்லி, இந்த ஷவல்ல டார்வின் பேரை எழுதியும் ஆச்சு. இப்பப் போய் எந்தப் பாவிடா அதை அணைச்சது?"